தம்ளருக்குள் கீறிய கோடு

நுரைக்குக் காசு கொடுக்கிறவனைப் போன்ற ஏமாளி உலகத்தில் இல்லை என்பது ஸ்டோர் அண்ணனுடைய முதற்கொள்கை. பீர்ப்புட்டியைத் திறந்ததும் தம்ளரை இடக்கையில் சாய்த்துப் பிடிப்பார். புட்டியின் கழுத்தை அதன் விளிம்பில் படிய வைத்து, குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவரைப் போல உட்சுவரோடு மெல்ல வழியவிடுவார். பாதி நிறைந்த பிறகே தம்ளர் நிமிரும். ஒரு விரற்கடைக்கு மேல் நுரை எழுந்து நான் பார்த்ததில்லை.

"பொறுமையா ஊத்தணும் வாத்தியாரே. அவசரப்பட்டா பாதி காத்துதான் உள்ள போவும். காத்து ஓசியிலயே கெடைக்குது, அதுக்கு எதுக்கு முள்ளோடை வரைக்கும் வரணும்?"

தம்ளர்கள் மூன்றும் அவருடையவை. திருமணத்துக்குச் சீராக வந்த எவர்சில்வர் தம்ளர்கள். ஒவ்வொன்றின் வெளிப்புறத்திலும் அவருடைய மனைவியின் பெயர் வெட்டப்பட்டிருக்கும். உட்புறத்தில், விளிம்புக்கு இரண்டு விரல் கீழே, வடிவியல் பெட்டியின் கவராயமுள்ளால் அவரே கீறிய ஒரு கோடு சுற்றிலும் ஓடும். அந்தக் கோடு வரைக்கும் ஊற்றினால் இரண்டு புட்டிகள் சரியாக ஆறு தம்ளர் ஆகும். மூன்று பேர், ஆளுக்கு இரண்டு. ஏழாவதாக ஒரு வாய்கூட மிஞ்சாது; எவருக்கும் ஒரு வாய் குறையவும் செய்யாது.

கண்ணாடித் தம்ளராக இருந்தால் கோடே தேவைப்படாதே என்று ஒருமுறை கேட்டேன்.

"கண்ணாடின்னா ஆளாளுக்கு அடுத்தவன் தம்ளரையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பான். இதுல பாக்க முடியாது. கோடு இருக்கு, ஊத்துறவன் இருக்கான், நம்பிக் குடிக்க வேண்டியதுதான்" என்றார்.

சிதம்பரத்திலிருந்து புவனகிரி செல்லும் சாலையில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் அவர் பொருட்கிடங்குப் பொறுப்பாளர். ஆசிரியர்கள், பிள்ளைகள், சமையற்கூடத்துப் பெண்கள் என எல்லாருக்கும் அவர் ஸ்டோர் அண்ணன். நான் அங்கே தமிழாசிரியன். சாக்கட்டி கேட்டுப் போனால், நேற்றுக் கொடுத்ததில் தேய்ந்த மிச்சத்தைக் காட்டச் சொல்வார். விடுதிச் சமையலுக்கு அரிசி அளக்கும்போது படியின் தலையை உள்ளங்கையால் வழித்துவிடுவார். வழித்ததில் ஒரு மணி தரையில் விழுந்தாலும் குனிந்து எடுத்து மூட்டையில் போடுவார். தலைமையாசிரியருக்கும் தோட்டக்காரருக்கும் அளவு ஒன்றுதான். இதனால் அவரை வெறுத்தவர்கள் உண்டு. அவருடைய அளவில் ஐயப்பட்டவர் எவரும் இல்லை.

எங்கள் குழுவில் மூன்றாமவர் ஏழுமலை, பள்ளியின் வேன் ஓட்டுநர். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் நாங்கள் மூவரும் சிதம்பரத்தில் பயணிகள் ரயிலேறித் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குவோம். பேருந்தைவிட ரயிலுக்குக் கட்டணம் குறைவு. மிஞ்சியதில் கடலூர்க் கடைத்தெருவில் உடைசல் முந்திரி வாங்கலாம். முழு முந்திரி பணக்காரர்களுக்கு என்பார். "வாய்க்குள்ள போனா அதுவும் ஒடையத்தான போவுது? முன்னாடியே ஒடச்சி வெல கொறச்சிக் குடுக்குறான்." அங்கிருந்து நகரப் பேருந்தில் பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்தால் சிறிது தொலைவில் முள்ளோடை. அங்கே தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்குகிறது. எல்லையைத் தாண்டியதும் பீரின் விலை இறங்கிவிடும்.

எந்தக் கடையில் குளிரூட்டியதற்குத் தனியாகக் கேட்கமாட்டார்கள், எந்தப் பெட்டியின் அடித்தட்டுப் புட்டி கூடுதலாகக் குளிர்ந்திருக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். விலை குறைந்த வகைகளிலும் அவருக்குத் தேர்வு உண்டு. வீரியம் கூடியதை அவர் தொடமாட்டார். மறுநாள் தலைவலி மாத்திரைக்கு ஆகும் செலவையும் சேர்த்தே அதன் விலையைச் சொல்வார். எவரும் கேட்காத ஒரு மலிவுச் சரக்கு, சிவப்புச் சீட்டு ஒட்டியது, அவருக்கு உகந்தது. மற்றவர்கள் கேட்காததால் அது பெட்டியில் நெடுநேரம் கிடந்து நன்றாகக் குளிர்ந்திருக்கும் என்பது அவர் கணிப்பு. வாங்கிய புட்டிகளை ஈரத்துண்டில் சுற்றி, கடைக்குப் பின்னாலிருந்த கீற்றுக்கொட்டகைக்குக் கொண்டுவருவார். முதலில் அவர் வீட்டுப் புளிச்சோறு, பிறகுதான் தம்ளர்.

அவருடைய விதிகள் மூன்று. வெறும் வயிற்றில் குடிக்கக் கூடாது. தனியாகக் குடிக்கக் கூடாது. இரண்டு தம்ளருக்கு மேல் குடிக்கக் கூடாது.

ஒருமுறை ஏழுமலை ஒரு புட்டியை வீட்டுக்கு எடுத்துச்செல்ல ஆசைப்பட்டார். எல்லையில் சோதனை உண்டு, பிடித்தால் வழக்கு.

"மாமா, வேட்டியில சொருவிக்கிறேன். எவனுக்குத் தெரியப்போவுது?"

"வயித்துல வச்சி எடுத்துக்கிட்டுப் போ மச்சான். அதுக்கு எந்தச் சோதனையும் கெடையாது."

மாலை நான்கு மணிக்குள் நாங்கள் சிதம்பரம் திரும்பிவிடுவோம். இறங்குவதற்கு முன் ஆளுக்கு இரண்டு கொய்யா இலைகளை மென்று துப்பவேண்டும்; அதையும் அவரே பையில் கொண்டுவருவார்.

இவ்வளவும் சிக்கனக்காரர் ஒருவரின் வேடிக்கைகளாகத் தோன்றலாம். எனக்கு அவை வேடிக்கை அல்ல. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வரை நான் அளவு தெரியாத குடிகாரனாக இருந்தேன். பள்ளி விட்டதும் நேரே கடைக்குப் போவேன். கிடைத்ததில் மலிவானதை வாங்கி, மதிலோரத்தில் நின்றபடியே விழுங்கிவிட்டு வருவேன். ஒருநாள் வீட்டுக்குச் சென்றபோது கதவு பூட்டியிருந்தது. மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இரண்டு முறை போய் வெறுங்கையோடு திரும்பினேன். மூன்றாம் முறை ஸ்டோர் அண்ணன் உடன் வந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே வந்தார்.

என் மாமியார் வாசலை விட்டு நகரவில்லை. மனைவி கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் மஞ்சள்பையிலிருந்து ஒரு தம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"தங்கச்சி, இவர ஒரேயடியா நிறுத்துன்னு சொன்னா நிறுத்தமாட்டாரு. பொய்தான் சொல்லுவாரு. உள்ள ஒரு கோடு இருக்கு பாரு. மாசத்துல ஒரு நாளு, பட்டப்பகல்ல, என் கண்ணு முன்னால, இந்தத் தம்ளர்ல ரெண்டு. அதுக்கு மேல ஒரு சொட்டு போச்சின்னா நீ அவர கேக்காத, என்ன வந்து கேளு. நான் பொறுப்பு."

அவள் தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டுக் கோட்டைத் தடவினாள். மறுநாள் என்னோடு புறப்பட்டு வந்தாள். நான் சொன்ன எத்தனையோ சொற்களை நம்பாதவள் அவர் கீறிய ஒரு கோட்டை நம்பினாள். அன்றிலிருந்து நானும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீடு தாழ்வான தெருவில் இருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை வலுத்தால் வெள்ளம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். மகளின் புத்தகங்களைப் பரண்மேல் ஏற்றுவோம்; அடுப்பைக் கட்டில்மேல் வைத்துச் சமைப்போம். இந்த நிலையில் பள்ளி விடுதிக்குக் காப்பாளர் வேண்டுமென்று அறிவிப்பு வந்தது. சம்பளம் பெரிதாக உயராது. ஆனால் விடுதியின் முதல் மாடியில் குடும்பத்தோடு இருக்க வீடு உண்டு, வாடகை இல்லை. மாடிக்கு வெள்ளம் ஏறாது. அந்த வீட்டைப் பார்க்கவேண்டுமென்று மனைவி ஒருநாள் வந்தாள். கையில் தையல் நாடா கொண்டுவந்திருந்தாள். சமையலறைச் சுவரை அளந்து, தட்டுகள் எவ்வளவு நீளம் வரும் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டாள்.

விண்ணப்பத்தில் பத்துப் பன்னிரண்டு வினாக்கள் இருந்தன. ஒன்பதாம் வினா, ‘மது அருந்தும் பழக்கம் உண்டா?’ அதை மட்டும் நிரப்பாமல் வைத்திருந்தேன். சட்டைப்பையில் மடித்து வைத்தபடியே அந்த மாதத்து இரண்டாம் ஞாயிறு முள்ளோடைக்குப் போனேன்.

அன்று அவர் வழக்கம்போல் இரண்டு புட்டிகள் வாங்கினார். கூடவே ஒரு பன்னீர் சோடாவும் வாங்கினார்.

"வயிறு சரியில்ல. இன்னிக்கி என் பங்கு ரெண்டும் ஒங்களுக்கு, ஆளுக்கு ஒண்ணு" என்றார்.

ஏழுமலை தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ன மாமா, மழ வந்துரப் போவுது!"

"வரட்டும். குடி."

எங்கள் தம்ளர்களில் மூன்றாம் முறையாகக் கோடு வரை பீர் ஏறியது. தம் தம்ளரில் அவர் சோடாவை ஊற்றிக்கொண்டார். அதையும் சாய்த்துப் பிடித்து, அதே கோடு வரை ஊற்றினார். அவர் எனக்காகத் தம் விதியை மீறியது அந்த ஒரு நாள்தான். அதை அன்பென்று எண்ணி மனம் இளகினேன். விண்ணப்பத்தை எடுத்து அவர்முன் விரித்தேன்.

"அண்ணே, இந்த ஒன்பதாவதுக்கு என்ன எழுதுறது?"

அவர் படித்தார். உடைசல் முந்திரியில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றார்.

"இல்லன்னு எழுதுங்க."

"இல்லையா? கையில தம்ளர வச்சிக்கிட்டு?"

"பழக்கம் உண்டான்னுதான கேட்டிருக்கான்? மாசத்துக்கு ஒருக்கா கல்யாண வீட்டுக்குப் போறவன, விருந்து சாப்புடுற பழக்கம் உண்டான்னு கேப்பாங்களா? தெனம் குடிக்கிறவனுக்குத்தான் அந்தக் கேள்வி. உண்டுன்னு எழுதுனீங்கன்னா காயிதத்த அப்பவே தூக்கி ஓரமா வச்சிருவாங்க. வீட்டுல தங்கச்சி அளவெல்லாம் எடுத்து வச்சிருக்கு."

தம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். காற்றில் தாள் பறந்தது. பறக்காமலிருக்க அதன் மூலையில் தம் தம்ளரை எடுத்து வைத்தார். நான் ‘இல்லை’ என்று எழுதினேன்.

பத்து நாள் கழித்துத் தாளாளர் என்னை அழைத்தார். எழுபது வயதைக் கடந்தவர். எவரையும் ஒருமையில் பேசமாட்டார். மேசைமேல் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று என்னுடையது.

"ஒக்காருங்க ஐயா. ஒன்பதாவது கேள்விக்கு என்ன எழுதியிருக்கீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க."

"இத படிங்க." மற்றொன்றை என் பக்கம் திருப்பினார்.

அந்தக் கையெழுத்தைக் கிடங்குச் சீட்டுகளில் நூறு முறை பார்த்திருக்கிறேன். அவரும் அந்தப் பணிக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒன்பதாம் வினாவுக்கு எதிரே அவர் எழுதியிருந்தது இது: ‘உண்டு. மாதம் ஒரு நாள், இரண்டு தம்ளர் பீர், உடன் பணிபுரியும் இருவரோடு. அதற்கு மேல் இல்லை. இம்மாதம் முதல் அதையும் நிறுத்திவிட்டேன்.’

"யாரு அந்த ரெண்டு பேருன்னு கேட்டேன். மொதல்ல சொல்லமாட்டேன்னாரு. நான் விடல. அப்புறம் சொன்னாரு" என்றார் தாளாளர். "நீங்க குடிச்சது எனக்குப் பெருசில்ல ஐயா. மாசத்துக்கு ரெண்டு தம்ளர்ல என்ன வந்துரப் போவுது? அவரு உண்டுன்னு எழுதியிருக்காரு. நீங்க இல்லன்னு எழுதிட்டீங்களே. தமிழ் சொல்லிக் குடுக்குறவரு."

தாளாளரின் சுட்டுவிரல் என் விண்ணப்பத்தின் மூலைக்குப் போனது. அங்கே ஈரத்தம்ளர் பதிந்து உலர்ந்த ஒரு வட்டக் கறை இருந்தது.

"இது என்ன ஐயா, காப்பியா?"

அந்த வட்டத்தைப் பார்க்க மனமின்றி என் கண் மற்றத் தாளுக்குப் போனது. தலைப்பில் அலுவலக முத்திரை இருந்தது. அவருடைய விண்ணப்பம் பெறப்பட்ட நாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் முள்ளோடைக்குப் போன ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு. என்னை ‘இல்லை’ என்று எழுதச் சொன்னபோது அவருடைய ‘உண்டு’ பள்ளி அலுவலகத்தில் ஏற்கெனவே கோப்பேறியிருந்தது. வயிற்றுக்கும் அன்று ஒரு குறையும் இல்லை. நிறுத்திவிட்டேன் என்று வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுத்தவர் ஞாயிற்றுக்கிழமை குடித்தால் அது பொய்யாகிவிடும். அதற்காகவே சோடா. தம்மளவில் ஒரு சொட்டுப் பொய்யும் கலந்துவிடாதபடி அத்தனை கவனமாக அளந்திருக்கிறார். என் பொய்யைக் கோடு வரை நிரப்பிக் கையில் கொடுத்திருக்கிறார்.

நேரே கிடங்குக்குப் போனேன். அவர் விடைத்தாள் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்தவில்லை; அந்தக் கட்டை முடித்து நூலைக் கட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அண்ணே, இல்லன்னு எழுதச் சொன்னது நீங்க."

"ஆமா, சொன்னேன்."

"வெள்ளிக்கெழமையே நீங்க உண்டுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

"குடுத்தேன்."

"ஏண்ணே?"

அவர் முகத்தில் குற்றவுணர்ச்சியைத் தேடினேன். அரிசி அளக்கும்போது இருக்கும் அதே முகம்தான் இருந்தது.

"ஒங்க வீட்டுக்கு வருசத்துக்கு ரெண்டு மாசம் தண்ணி வருது வாத்தியாரே. என் வீட்டுக்கு மாசாமாசம் வீட்டுக்காரன் வரான். காலி பண்ணுன்னு வாசல்ல நின்னு கத்துறான். நான் வந்து கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பீங்களா?"

"சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்."

"யோசிப்பீங்க. அதான் சொல்லல."

"என்ன வச்சி எழுத வச்சீங்களேண்ணே. ஒங்க பேனாவுல."

"பேனா என்னோடது. எழுதுனது யாரு?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏதோ ஆறுதல் சொல்கிறவரைப் போல, "நான் உள்ளதத்தான் எழுதுனேன் வாத்தியாரே. ஒங்களப் பத்தி ஒரு சொட்டு கூட்டியும் சொல்லல, கொறச்சும் சொல்லல. ரெண்டு தம்ளர்னுதான் சொன்னேன். அன்னிக்கி நீங்க குடிச்ச மூணாவத சொல்லவே இல்ல" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதுதான் எனக்குத் தாளவில்லை. என்னைப் பற்றிப் புறங்கூறி, இல்லாததைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் அவரைப் பொய்யர் என்று திட்டி ஆறியிருப்பேன். அந்த வழியையும் அவர் அடைத்துவைத்திருந்தார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள். நான் பொய் எழுதியதைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. எழுதச் சொன்னவர் யார் என்று சொன்னேன்.

"அவரா?" என்றாள்.

அடுப்பைத் தணித்தாள். பிறகு, "எங்கம்மா முன்னால நான் பொறுப்புன்னு சொன்னாரே. ஏதாச்சும்னா என்ன வந்து கேளுன்னு சொன்னாரே. இப்ப எத கேக்குறது? ரெண்டு தம்ளருக்கு மேல நீங்க குடிக்கலியே" என்றாள். நான் குடித்த மூன்றாவதை அவளிடம் சொல்லும் துணிவு எனக்கு அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. சுவரின் அளவை எழுதிய துண்டுத்தாள் சில நாள் கடுகு டப்பாவுக்கு அடியில் கிடந்தது. பிறகு காணவில்லை.

குடிக்கிறவரை நம்பிப் பிள்ளைகளை ஏற்றிவிட முடியாது என்று ஏழுமலையிடமிருந்து வேன் சாவியை வாங்கிவிட்டார்கள். வேலையை விட்டு நீக்கவில்லை; தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லிவிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர் ரப்பர்க்குழாயோடு நிற்பதைப் பார்த்து, வேனில் போகும் பிள்ளைகள் கையசைப்பார்கள். அவரும் குழாயை உயர்த்திக் காட்டுவார்.

ஸ்டோர் அண்ணன் விடுதி மாடிக்குக் குடிபோன மறுநாள் ஏழுமலை என்னிடம் வந்தார். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம்.

"ஐயா, மாமா குடுத்து வுட்டாரு. இனிமே மூணும் அவருக்கு வேண்டியதில்லியாம். மூணுல ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அவருக்கு. பங்கு பிரிக்கிறதுல மட்டும் ஆளு கரெக்ட்டு!"

"ஒங்களோடத என்ன பண்ணீங்க?"

"பாத்திரக்காரன்கிட்ட போட்டுப் பூண்டு வாங்கிட்டேன். வாயில கொய்யா எல நாத்தம் போவட்டும்."

நான் என் பங்குத் தம்ளரை எறியவில்லை. எறியத் தோன்றாததற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சமையலறைக்குள் கொண்டுபோய் வைத்தேன்; மனைவி அதை மற்றப் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். எங்கள் வீட்டில் மற்றொருவர் மனைவியின் பெயர் வெட்டிய பாத்திரம் அது ஒன்றுதான். அதன்பின் நான் முள்ளோடைக்குப் போகவில்லை. மாதம் ஒரு நாளும் இல்லை. குடியை விட்டது நல்லதுதானே என்று ஏழுமலை ஒருநாள் கேட்டார். நல்லதுதான். ஆனால் அதற்கான நன்றியும் ஸ்டோர் அண்ணனுக்கே போய்ச்சேருமோ என்று எண்ணும்போது நாக்கு கசக்கிறது.

இந்தக் கார்த்திகையில் மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் வெள்ளம் வாசற்படியைத் தாண்டியது. மகள் பரணில் புத்தகங்களை அடுக்கினாள். மனைவி வாளியால் கூடத்துத் தண்ணீரை வாரி வெளியே கொட்டினாள். கட்டிலுக்கு அடியில் மூலையில் தேங்கிய தண்ணீருக்கு வாளியும் நுழையவில்லை, குவளையும் நுழையவில்லை. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டு உள்ளே நுழைந்தேன். எடுத்தது அந்தத் தம்ளர் என்பது முகந்து வெளியே இழுத்த பிறகே தெரிந்தது.

கலங்கிய தண்ணீர் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது. நான் தம்ளரைச் சாய்த்து, அந்த ஒரு நூலை வழியவிட்டு, கோட்டுக்குச் சரியாகக் கொண்டுவந்தேன். இரண்டாம் முறையும் அப்படியே செய்தேன். மூன்றாம் முறை முகந்தபோது மனைவி வாளியோடு என்னருகே வந்து நின்றாள்.

"என்னங்க, தண்ணி ஏறிக்கிட்டே வருது. என்னத்த அளந்துக்கிட்டு இருக்கீங்க? ஊத்துங்க" என்றாள்.